மலைமேல் காருக்கு பெயிண்ட்: எந்த கம்ப்ரசர் வாங்குவது?

ஏற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துரு புதிதல்ல. மூடுபனியும் மழையும் மாறி மாறித் தகரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். கதவின் அடி விளிம்பு, மட்கார்டின் உட்புறம், பானெட்டின் முனை என்று ஒவ்வொன்றாக உப்பிக்கொண்டு வரும். எஸ்டேட் ஜீப்பாக இருந்தாலும் பழைய மாருதி 800 ஆக இருந்தாலும், முழு வண்டிக்கும் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க வேண்டிய கட்டம் ஒருநாள் வந்துவிடும். நேரமும் பொறுமையும் இருந்தால் இதை வீட்டு ஷெட்டிலேயே செய்யலாம். அதில் முதல் பெரிய செலவு கம்ப்ரசர்.

சேலத்துக் கடைக்காரர் சொல்லும் கணக்கு சேலத்துக்குச் சரி. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவதற்குள் காற்று மெலிந்துவிடுகிறது, ஈரம் கூடிவிடுகிறது. கம்ப்ரசர் தேர்வில் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் பிறகு பெயிண்டையும் தின்னரையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று குறைவாகக் கேட்கும் ஸ்ப்ரே கன் ஒன்றை வாங்குங்கள். அதற்குப் போதுமான நடுத்தர கம்ப்ரசரை வாங்குங்கள். மிச்சப் பணத்தைக் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதில் போடுங்கள். மலைமேல் பெரிய கம்ப்ரசரைவிட உலர்ந்த காற்றுதான் பளபளப்பைத் தரும்.

தேவையான அளவுக்குக் கொஞ்சம் கணக்கு

கடையில் நான்கு எண்கள் காதில் விழும். எச்.பி. என்பது மோட்டாரின் பலம். லிட்டர் என்பது டேங்கின் கொள்ளளவு. பி.எஸ்.ஐ. என்பது அழுத்தம். சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்ற அளவு. பெயிண்ட் வேலையைத் தீர்மானிப்பது கடைசி எண்தான். கார் பெயிண்ட் கன்னுக்குள் நுழையும் இடத்தில் 25 முதல் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் பெரும்பாலும் போதும். அந்த அழுத்தத்தை எந்தச் சின்ன கம்ப்ரசரும் ஒரு நிமிடம் கொடுத்துவிடும். ஒரு கதவை முழுதாக அடித்து முடிக்கும்வரை தளராமல் கொடுக்குமா என்பதை சி.எஃப்.எம். சொல்லும்.

அந்த எண்ணிலும் இரண்டு வகை உண்டு. பெயர்த் தகட்டில் பெரும்பாலும் இருப்பது பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் ஓடும் இடத்தின் கணக்கு. உண்மையில் வெளியே கிடைக்கும் காற்றை எஃப்.ஏ.டி. என்பார்கள். சிறிய பிஸ்டன் கம்ப்ரசரில் இது தகட்டு எண்ணில் 60 முதல் 75 சதவீதம்தான் இருக்கும். கன் தயாரிப்பாளர் தன் பெட்டிமேல் போட்டிருப்பது இந்த இரண்டாவது வகைக் காற்று. ஒன்றை மற்றொன்றோடு நேராக ஒப்பிட்டு வாங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்தது உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஏற்காட்டில் ஏறக்குறைய 12.3. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அதே அளவு இடத்தைத்தான் நிரப்புகிறது, ஆனால் அந்த இடத்தில் வந்து சேரும் காற்றின் எடை குறைவு. அதனால் இங்கே எந்தக் கணக்கிலும் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் தத்துவம் தேவையில்லை.

கன்னிலிருந்து கம்ப்ரசருக்கு: நான்கு படிகள்

1. முதலில் கன்னை முடிவு செய்யுங்கள். அதன் பெட்டியில் காற்றுத் தேவை போட்டிருக்கும். பொதுவாக எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) கன்னுக்கு 4 முதல் 6 சி.எஃப்.எம்., பழைய பாணி கன்னுக்கு 6 முதல் 9, எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்னுக்கு 10 முதல் 14 வரை.

2. அந்த எண்ணை 1.15 ஆல் பெருக்குங்கள். இது மலைக்காக.

3. வந்த விடையை 1.25 ஆல் பெருக்குங்கள். கம்ப்ரசர் மூச்சு முட்ட ஓடாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும். இடைவிடாமல் ஓடும் கம்ப்ரசர் சூடாகும். சூடான காற்று தண்ணீரை ஆவியாகவே டேங்கைத் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

4. இப்போது கையில் இருப்பது எஃப்.ஏ.டி. அதை 0.7 ஆல் வகுத்தால் பெயர்த் தகட்டில் தேட வேண்டிய எண் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக 6 சி.எஃப்.எம். கேட்கும் கன்: 6 × 1.15 = 6.9. அதை 1.25 ஆல் பெருக்கினால் 8.6. அதை 0.7 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. தகட்டில் 12 போட்ட கம்ப்ரசர் பெரும்பாலும் 3 எச்.பி. வகையில் கிடைக்கும். 4 சி.எஃப்.எம். கேட்கும் கன் என்றால் தகட்டு எண் 8 போதும், 2 எச்.பி. வகையில் அகப்படும். 12 கேட்கும் எச்.வி.எல்.பி. கன்னுக்கு இதே கணக்கைப் போட்டால் 24க்கு மேல் போய்விடும். அதற்கு 5 எச்.பி.யும் பத்தாது, மும்முனை மின்சாரமும் வேண்டும். வீட்டில் ஒரே ஒரு காருக்கு அது வீண் செலவு.

எச்.வி.எல்.பி. கன் நல்ல கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. அது பெயிண்ட்டை மிச்சப்படுத்தும், புகையாகப் பறக்க விடாது. ஆனால் போதிய காற்று கிடைக்காத எச்.வி.எல்.பி. கன், சாதாரண கன்னைவிட மோசமாக அடிக்கும். துளி பெரிதாகும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக நிற்கும். எல்.வி.எல்.பி. கன்னின் விசிறி கொஞ்சம் குறுகல், வேலை மெதுவாக நகரும். ஒரு வண்டிக்கு அது பெரிய குறை இல்லை.

குறிப்பு: பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. நாஸில், கலருக்கும் கிளியர் கோட்டுக்கும் 1.3 அல்லது 1.4. நாஸில் மாறினாலும் காற்றுத் தேவையைப் பெரிதும் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் ஏர் கேப்தான்.

எந்த வகை?

மோட்டாரோடு நேராகப் பொருத்திய டைரக்ட் டிரைவ் கம்ப்ரசர் எடை குறைவு, விலை குறைவு, சத்தம் அதிகம். 2 எச்.பி., 50 லிட்டர் என்று கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு மட்கார்டு, ஒரு பம்பர் என்று தனித்தனித் துண்டாக அடிப்பவருக்கு அது போதும். முழு வண்டி என்றால் பெல்ட் டிரைவ், ஆயில் ஊற்றும் வகை, ஒற்றை நிலை கம்ப்ரசரைத்தான் சொல்வேன். அது மெதுவாகச் சுற்றும், சூடு குறைவு. பெல்ட், வால்வ் பிளேட், பிஸ்டன் ரிங், பிரஷர் சுவிட்ச் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். மலைமேல் இது முக்கியம். பழுது பார்ப்பவர் சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் ஏறி வர வேண்டும். பெல்ட்டை நீங்களே மாற்ற முடிந்தால் ஒரு நாள் வேலை நிற்காது. இதே காரணத்துக்காக, உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்கும் கம்பெனியாகப் பாருங்கள். 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி உட்படப் பல தயாரிப்பாளர்கள் கொங்கு வட்டாரத்திலேயே இருப்பது நமக்கு வசதி.

ஆயில் இல்லாத வகையைச் சிலர் பெயிண்டுக்கு ஏற்றது என்பார்கள். ஆயில் கலக்காது என்பது உண்மை. ஆனால் விலை குறைந்த ஆயில்லெஸ் பம்ப் நீண்ட நேரம் ஓடத் தாங்காது. ஆயில் பம்ப் வாங்கி நல்ல ஃபில்டர் போடுவது பாதுகாப்பான வழி. இரட்டை நிலை கம்ப்ரசர் 12 பார் அழுத்தம் வரை ஏற்றித் தரும். நமக்கு 8 பாருக்கு மேல் வேலையே இல்லை.

டேங்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். பெரிய டேங்க் சிறிய பம்பைப் பெரியதாக்காது, ஆனாலும் இரண்டு நன்மை உண்டு. காற்று அதில் தங்கி ஆறும்போது தண்ணீர் அடியில் இறங்கும். இன்னொன்று கரண்ட். மழையிலோ காற்றிலோ சில்வர் ஓக் கிளை ஒயர்மேல் விழுந்தால் பாதி கிளியர் கோட்டில் எல்லாம் நின்றுவிடும். 100 பி.எஸ்.ஐ.யில் நிறைந்த 160 லிட்டர் டேங்க், 6 சி.எஃப்.எம். கன்னை இன்னும் ஏறத்தாழ 4 நிமிடம் ஓட்டும். கையில் இருக்கும் கதவை முடித்துவிடலாம். 50 லிட்டரில் அது ஒரு நிமிடத்துச் சொச்சம்தான்.

கடையிலேயே அளந்து பார்ப்பது எப்படி

தகட்டு எண்ணை நம்ப வேண்டியதில்லை. செல்போனில் ஸ்டாப் வாட்ச் இருந்தால் எஃப்.ஏ.டி.யை நீங்களே அளக்கலாம். புதிய கம்ப்ரசரானாலும் பழையதானாலும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

1. டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றி மூடுங்கள்.

2. வெளி வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓட விடுங்கள்.

3. கேஜ் 60 பி.எஸ்.ஐ.யைத் தொடும்போது நேரத்தைத் தொடங்குங்கள். 100ஐத் தொடும்போது நிறுத்துங்கள்.

4. 100 லிட்டர் டேங்க் என்றால் 600ஐ அந்த வினாடிகளால் வகுங்கள். 160 லிட்டருக்கு 960, 50 லிட்டருக்கு 300. வருவதுதான் உண்மையான சி.எஃப்.எம்.

100 லிட்டர் டேங்க் 75 வினாடி எடுத்தால் 8 சி.எஃப்.எம்.; 100 வினாடி எடுத்தால் 6. நம் எடுத்துக்காட்டுக்கு 8.6 வேண்டும், ஆகவே சேலத்தில் 70 வினாடிக்குள் ஏற வேண்டும். அதே கம்ப்ரசரை ஏற்காட்டில் வைத்து அளந்தால் 10 வினாடி கூடுதலாகும். அது பழுதல்ல, மெலிந்த காற்று. மலைமேல் அளக்கும்போது உயரத்தின் இழப்பு அந்த வினாடிகளிலேயே சேர்ந்துவிடும், 1.15 பெருக்கல் மறுபடி வேண்டாம்.

5. மோட்டார் தானாக நிற்கும் கணத்தில் பிரஷர் சுவிட்சுப் பக்கம் ஒரு சின்ன ‘புஸ்’ சத்தம் கேட்க வேண்டும். பம்பின் தலையில் மிஞ்சிய அழுத்தம் வெளியேறுவது அது. கேட்கவில்லை என்றால், அடுத்த முறை மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டியிருக்கும். வோல்டேஜ் இறங்கிய குளிர்காலக் காலையில் அது உறுமிக்கொண்டே நின்று காயில் கருகிவிடும்.

பழைய கம்ப்ரசரா?

பஞ்சர் கடை விற்கும் பழைய கம்ப்ரசர் மலிவாகக் கிடைக்கும். பம்ப் தேய்ந்திருந்தால் சரிசெய்யலாம். டேங்க் துருப்பிடித்திருந்தால் வேண்டவே வேண்டாம். டிரெயின் காக்கைத் திறக்கும்போது வரும் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் பிடியுங்கள். செதில் செதிலாகத் துருத்தூள் வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். அடிப்பக்கம் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தாலும் அதே முடிவுதான். துரு அரித்த டேங்க் கசிவதோடு நிற்காது, வெடிக்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தண்ணீர் நிரப்பிச் செய்யும் ஹைட்ராலிக் டெஸ்ட் செய்து, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு தாங்கியதற்கான சான்றை விற்பவரிடம் கேளுங்கள்.

கேஸ் சிலிண்டரையோ ஏசி கடைச் சிலிண்டரையோ கூடுதல் டேங்காக இணைக்கும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மலையேற்றுவது

3 எச்.பி., 160 லிட்டர் கம்ப்ரசர் 100 கிலோவை ஒட்டி இருக்கும். சின்ன யானை வண்டியில் நிமிர்த்தி வைத்து, டேங்கின் கால்களில் கயிறு போட்டு நான்கு பக்கமும் கட்டுங்கள். பம்பிலோ பெல்ட் கார்டிலோ கயிறு மாட்டாதீர்கள். ஆயிலை வடித்துவிட்டு ஏற்றினால் வளைவுகளில் அது பிரீதர் வழியாகச் சிலிண்டருக்குள் போகாது. வீடு சேர்ந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்கி, பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பார்த்து, புது ஆயில் ஊற்றிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

கரண்ட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது

2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் அளவு எடுக்கும், 3 எச்.பி. 15 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். எஸ்டேட் ஓரங்களில், டிரான்ஸ்பார்மரிலிருந்து நெடுந்தூரம் ஒயர் வரும் வீடுகளில், அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும்போது உங்கள் பவர் பாயிண்டில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 200 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் 3 எச்.பி. ஒற்றை முனை மோட்டாரை அங்கே வைக்க வேண்டாம். எல்.வி.எல்.பி. கன்னோடு 2 எச்.பி.யில் நின்றுவிடுங்கள். சாதாரண மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டுச் செய்யப்படுபவை. அதற்கு மேல் மெலிந்த காற்று மோட்டாரைக் குளிர்விப்பதும் குறையும். ஆகவே மோட்டாரைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

3 எச்.பி.க்கு மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். இதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நனைந்த தரையும் இரும்பு டேங்கும் சேரும் இடத்தில் எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

தூரம் போதவில்லை என்றால் ஒயரை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டுதான் பல மோட்டார்களை எரித்திருக்கிறது.

தண்ணீர்தான் எதிரி

ஒரு மதியத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 20 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம். ஏற்காட்டில் மழை மாதங்களில் இது சாதாரணம். நிமிடத்துக்கு 10 கன அடி இழுக்கும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் அந்தக் காற்றிலிருந்து 200 மில்லிக்கு மேல் தண்ணீர் பிரியும். அதில் நாலு சொட்டு கன் வழியாக வந்தால் போதும், பானெட்டில் சின்னச் சின்னப் பள்ளங்களும் பிறகு கொப்புளங்களும் வரும். அடியில் துரு மறுபடி தொடங்கும்.

கடையில் ‘எஃப்.ஆர்.எல். யூனிட்’ என்று கேட்டு வாங்கி மாட்டிவிடுவார்கள் பலர். அதில் எல் என்பது லூப்ரிகேட்டர், காற்றில் ஆயில் கலக்கும் பகுதி. அது நியூமேட்டிக் ஸ்பேனருக்கு. பெயிண்ட் லைனில் இருக்கவே கூடாது. ஃபில்டரும் ரெகுலேட்டரும் மட்டும் கேளுங்கள்.

இன்னொரு தவறு, ஃபில்டரை டேங்க் வாயிலேயே மாட்டுவது. அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாக அதைக் கடந்துபோய் ஹோஸில் ஆறும்போது சொட்டாகும். ஃபில்டருக்கு வருமுன் காற்று ஆறியிருக்க வேண்டும். வரிசை இப்படி:

1. டேங்கிலிருந்து ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ். அதிர்வு குழாய்க்குப் போகாமல் இருக்க.

2. காற்றை ஆற்றும் பகுதி. அரை அங்குல ஜி.ஐ. அல்லது செம்புக் குழாயைச் சுவரில் 8 முதல் 10 மீட்டர் ஓட்டுங்கள். முனையை நோக்கிச் சரிவு இருக்கட்டும். தாழ்ந்த முனையில் ஒரு டிரெயின் காக். காற்றை எடுக்கும் கிளையைக் குழாயின் மேற்பக்கத்திலிருந்து வளைத்து இறக்குங்கள், அப்போது அடியில் ஓடும் தண்ணீர் கூடவே வராது. சுவர் இல்லை என்றால், ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் அரை அங்குலச் செம்புக் குழாய் 15 மீட்டரைச் சுருளாக்கி ஒரு டிரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மலைத் தண்ணீர் இயல்பிலேயே குளிர்ச்சி, இந்த வேலைக்கு அது நமக்குக் கிடைத்த கொடை. சுருளின் வெளிவாய்க்குக் கீழே, டிரம்முக்கு வெளியே, ஒரு டிரெயின் காக் இருக்கட்டும்.

3. வாட்டர் செபரேட்டரும் ரெகுலேட்டரும்.

4. ஆயில் துளிகளைப் பிடிக்கும் 0.01 மைக்ரான் ஃபில்டர்.

5. சிலிகா ஜெல் டப்பா. நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் ஈரம் ஏறியது தெரியும். மழைக்காலத்தில் ஒரு வண்டி முடிவதற்குள் இரண்டு மூன்று முறை நிறம் மாறலாம். 110 முதல் 120 டிகிரியில் காயவைத்தால் திரும்பவும் பயன்படும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும். சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

6. பிறகு 8 முதல் 10 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ். 6 மி.மீ. ஹோஸ் அழுத்தத்தை வழியிலேயே தின்றுவிடும்.

பி.வி.சி. குழாய் எங்குமே வேண்டாம். தண்ணீர்க் குழாய் மிச்சம் இருக்கிறதே என்று காற்றுக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிரில் அது விறைத்து, ஒருநாள் சில்லுகளாகத் தெறிக்கும்.

வேலை நடக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை டேங்கையும் செபரேட்டரையும் வடியுங்கள். பெயிண்ட் ஊற்றுமுன், கப்பைக் காலியாக வைத்து, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஒரு நிமிடம் வெறும் காற்றை அடியுங்கள். ஈரப்புள்ளியோ ஆயில் மினுமினுப்போ தெரிந்தால் தொடங்காதீர்கள்.

நாளும் நேரமும்

எவ்வளவு நல்ல கம்ப்ரசரானாலும் கன்னுக்கு வெளியே இருக்கும் காற்றை உலர்த்த முடியாது. அடிக்கப்போகும் தகரம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி படியும் நிலை 17.4 டிகிரி. தகரமும் 20 டிகிரி இருந்தால்கூட இடைவெளி 3 வராது. இரவெல்லாம் ஷெட்டில் நின்ற வண்டியின் தகரம் காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி ஷெட்டில் மாட்டுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக அடிக்கலாம். 80ஐத் தாண்டினால் அன்றைக்குப் பட்டி தேய்க்கும் வேலையைப் பாருங்கள்.

ஏற்காட்டில் எனக்குப் பிடித்த காலம் பிப்ரவரி, மார்ச். நேரம் காலை 11க்கு மேல், மாலை 3க்குள். முந்தின நாள் வரை நன்றாக இருந்து, மதியம் கிளியூர் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தால், அடித்த அடுக்கோடு நிறுத்திவிடுங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் ஈரத்தில் பால்போல வெளுத்துப்போகும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் உதவும், மூடுபனியை வெல்லாது.

தகரக் கூரை ஷெட்டுக்கு ஒரு எச்சரிக்கை. இரவில் கூரையின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். வண்டிக்கு மேலே தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் சமவெளிக்குச் சரி. இங்கே ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பாதுகாப்பு: இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை

கம்ப்ரசரைப் பெயிண்ட் அடிக்கும் ஷெட்டுக்கு வெளியே, கூரைக்கு அடியில் வையுங்கள். பிரஷர் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் பொறி விடும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறை வரை போகும். விறகடுப்பு, கேஸ் கீசர், சாமி விளக்கு எல்லாம் அன்றைக்கு அணைந்திருக்க வேண்டும். குளிர் அடிக்கிறதே என்று கதவைச் சாத்தி உள்ளே கரி அடுப்பு வைப்பது தீயை அழைப்பது. கைக்கெட்டும் தூரத்தில் உலர்பொடி தீயணைப்பான் இருக்கட்டும்.

ஹார்டனர் கலக்கும் இரண்டு பாகப் பெயிண்ட், கிளியர் கோட் ஆகியவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் அப்புறம் மிகச் சிறிய அளவுகூடத் தாங்காது. துணி மாஸ்க் எதையும் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடியே இதற்கு முறையானது. அந்தக் காற்றை உங்கள் பெயிண்ட் கம்ப்ரசரிலிருந்து எடுக்கக் கூடாது. ஆயில் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரலாம். அந்த ஏற்பாடு இல்லாத வீட்டில், பட்டி, சாதாரண பிரைமர், தேய்ப்பு வரை நீங்களே செய்துவிட்டு, இரண்டு பாகக் கலரையும் கிளியரையும் சேலத்தில் பூத் உள்ள பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். ஹார்டனர் இல்லாத பெயிண்ட் அடித்தாலும், ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை கட்டாயம். குழந்தைகளும் நாயும் ஷெட்டுப் பக்கம் வரக் கூடாது.

காற்று முனையை யார் உடம்பை நோக்கியும் பிடிக்காதீர்கள். உடுப்பின் தூசியைக் காற்றடித்துத் தட்டும் பழக்கமும் வேண்டாம். மாதம் ஒருமுறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துப் பாருங்கள்; காற்று பீறிட்டு, விட்டதும் மூட வேண்டும். அந்த வால்வை அடைக்கவோ இறுக்கவோ கூடாது.

முதல் நாள்

1. ஆயில் மட்டம் பார்த்து, வெளி வால்வைத் திறந்து வைத்து, சுமை இல்லாமல் 15 நிமிடம் ஓட்டுங்கள்.

2. வால்வை மூடி 100 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி நிறுத்துங்கள். சோப்பு நுரையை எல்லா இணைப்பிலும் தடவுங்கள். அரை மணி நேரத்தில் கேஜ் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

3. ரெகுலேட்டரைக் கன் டிரிக்கரை அழுத்தியபடியே செட் செய்யுங்கள். காற்று ஓடாதபோது 30 காட்டும் கேஜ், ஓடும்போது 22க்கு இறங்கும். கன்னின் அடியில் ஒரு சின்னக் கேஜ் மாட்டினால் சந்தேகமே இருக்காது.

4. பழைய தகரத் துண்டு ஒன்றில் பிரைமர் அடித்துப் பாருங்கள். விசிறி மேலும் கீழும் சீராக இருக்கிறதா, ஐந்து நிமிடம் தொடர்ந்து அடித்தபின்னும் அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் விசிறி சுருங்கினால் கணக்கில் எங்கோ குறைவு: ஹோஸ் மெலிது, அல்லது ஃபில்டர் அடைப்பு, அல்லது கன்னுக்கு கம்ப்ரசர் போதவில்லை.

5. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, காற்று முழுவதையும் விட்டு, டிரெயின் காக்கைத் திறந்தபடியே விட்டு வையுங்கள். டேங்க் உள்ளே காய இதுதான் வழி.

வண்டியின் நிறத்தையே மாற்றுவதாக இருந்தால், பெயிண்ட் டப்பா வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். மாற்றத்தை அதில் பதிந்தாக வேண்டும்.